ஏழாயிரத்தைக் காட்டி ஐயாயிரம் என்றவர்

அந்த விமான கேப்டனுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ‘தொடரும்’. அவர் காதில் விழாமல்தான் சொல்வார்கள். அவருக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பெயர் வந்த கதை இதுதான். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதர். ஆனால் விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து பத்தாயிரம் அடி ஏறும்வரை, ஓட்டுகிற வேலையைத் தவிர வேறு பேச்சு கூடாது என்பது விமானி அறையின் சட்டம். அதை அவர் விரதம்போலக் காத்தார். “அப்ப என் மச்சினி அந்தக் குடத்தை எடுத்து...” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது விமானம் அசைந்தால் வாய் பட்டென்று மூடிக்கொள்ளும். பத்தாயிரம் அடியைத் தாண்டியதும், “...நேரா என் தலையில கவுத்துட்டா” என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நடுவில் குடத்தைக் கையில் பிடித்தபடி மச்சினி காத்திருப்பாள். கூட இருக்கும் துணை விமானியும் காத்திருப்பார்.

பயிற்றுநர் பதவிக்கு அவர் பெயர் போயிருந்தது. இளம் விமானிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற வேலை. நாள் முழுக்கப் பேசலாம், மற்றவர்கள் கேட்டே ஆக வேண்டும். இதைவிட அவருக்கு என்ன வேண்டும்? அடுத்த வாரம் முடிவு தெரியும். அதுவரை தவறு எதுவும் நடக்கக் கூடாது.

அன்றைக்குத் துணை விமானியாக வந்தவர் அவருடைய சொந்தச் சகலை. மனைவியின் தங்கை கணவர். அக்காவும் தங்கையும் ஒரு வாரமாகப் போனில் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்: மாமனார் இனி யார் வீட்டில் இருப்பது என்று. மாமனார் நல்லவர். ஆனால் பேச்சில் மருமகனையே தூக்கிச் சாப்பிடுபவர். ஒரு வீட்டில் அப்படி இரண்டு பேர் தாங்காது.

“முடிவு தெரியுமாமே உங்களுக்கு?” என்றார் கேப்டன், பெல்டை மாட்டிக்கொண்டே.

“நேத்தே தெரியும் அண்ணே. அக்கா சொல்லலையா?”

“அவ சொல்லிட்டா நான் ஏன்யா உங்களக் கேக்கப் போறேன்? யார் வீட்டுக்கு?”

சகலை சிரித்தார். “மாமா வந்து...”

விமானம் நகர்ந்தது. கேப்டன் தாமே கையை உயர்த்திப் பேச்சை நிறுத்தினார். முதல் தடவையாக, கதையின் முடிவு அடுத்தவர் வாயில் மாட்டிக்கொண்டது.

வானம் சந்தைக்கடைபோல இருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக விமானங்கள் கிளம்ப, ரேடியோவில் மூச்சுவிட இடமில்லை. இவர்களுக்கு முதலில் கொடுத்த உயரம் ஏழாயிரம் அடி. ஏறும்போதே கட்டுப்பாட்டு அறையிலிருந்து புது உத்தரவு வந்தது: இடப்பக்கம் திரும்புங்கள், ஐயாயிரத்தில் நில்லுங்கள், மேலே ஆறாயிரத்தில் வேறு விமானம் குறுக்கே போகிறது. சகலை அதை அப்படியே திருப்பிச் சொன்னார்.

கேப்டன் திசைக் குமிழைத் திருகினார். கை உயரத்தை மாற்றும் குமிழுக்குப் போனது. ‘நம்ம வீடுன்னா எந்த ரூமைக் கொடுக்கறது?’ என்று மனசு கேட்டது. வாய்தான் விரதம் இருந்தது, மனசு இல்லை.

உயரத்தை மாற்றினால், மாற்றியவர் அந்த எண்ணை விரலால் காட்டி உரக்கச் சொல்ல வேண்டும்; மற்றவரும் பார்த்து, காட்டிச் சொல்ல வேண்டும். கேப்டன் விரலை நீட்டி, “ஐயாயிரம்” என்றார். சகலையும் நீட்டி, “ஐயாயிரம்” என்றார். உயரக் குமிழை யாரும் திருகவே இல்லை; இரண்டு விரல்களுக்கும் எதிரே ஏழாயிரம் என்ற பழைய எண் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஆட்டோபைலட் எண்ணுக்குக் கட்டுப்பட்டது, வாய்க்கு இல்லை. அது பாட்டுக்கு ஏறியது.

“உங்க உயரத்தைப் பாருங்க!” என்று ரேடியோ அலறியபோது ஐயாயிரத்தைத் தாண்டி ஐந்நூறு அடி ஆகியிருந்தது. கேப்டன் ஆட்டோபைலட்டை விடுவித்து மூக்கைத் தாழ்த்தினார். மேலே போன விமானத்தையும் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். பயணிகளுக்கு வயிறு லேசாகக் கூசியதோடு சரி.

பத்தாயிரம் அடி தாண்டியது. கேப்டன் வாயே திறக்கவில்லை. சகலைக்கு அதுதான் பயமாக இருந்தது.

தரையிறங்கிப் பயணிகள் போன பிறகுதான் கேட்டார்: “சரி, யார் வீட்டுக்கு?”

“எங்க வீட்டுக்குத்தான் அண்ணே.”

“அட பாவி மனுஷா! இதைச் சிரிக்காம ஒரே மூச்சுல சொல்லியிருக்கக் கூடாதா?”

நடந்ததை விசாரித்த பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மாள், முன்னாள் விமானி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ரேடியோ நெரிசல் ரொம்ப அதிகம். அதுதான் காரணம்னு எடுத்துக்கலாமா?” என்றார். ஆமாம் என்றால் பதவி பிழைக்கும். சகலை மேஜைக்கு அடியில் கேப்டனின் காலை மிதித்தார்.

கேப்டன் காலை இழுத்துக்கொண்டார். “நெரிசல் எனக்குப் பழக்கம்தாம்மா. என் கவனத்தைக் கெடுத்தது என் மாமனார்.”

“விமானத்துல இருந்தாரா?”

“இல்ல, வீட்டுல இருந்தார். அங்கிருந்தே கெடுத்துட்டார்.”

அந்த அம்மாள் சிரிப்பை அடக்கப் பேனாவைக் கடித்தார். பிறகு, “வாய் பேசாம இருந்தா போதும்னு எல்லாரும் நினைக்கறாங்க. நீங்க சொன்னது மத்த விமானிகளுக்கு உபயோகமா இருக்கும். ஆனா இந்த வருஷம் பயிற்றுநர் பதவி கிடையாது. நீங்க ரெண்டு பேரும் சிமுலேட்டர்ல உக்காந்து கத்துக்கணும்” என்றார்.

“தெரிஞ்சுதான் சொன்னேம்மா.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னார். அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டாள்.

“பதவி போனா அடுத்த வருஷம் வரும். ஆபீஸ்ல போய் எங்கப்பா பேரைச் சொல்லிட்டு வந்திருக்கீங்களே!”

“பேரை எங்கடி சொன்னேன்? மாமனார்னு மட்டும்தான் சொன்னேன்.”

“எனக்கு எத்தனை அப்பா இருக்காங்கன்னு நெனச்சீங்க?” என்று கேட்டுவிட்டு, தங்கைக்குப் போன் போட உள்ளே போனாள்.