என் மனைவி தேர்ந்தெடுத்த மைக்

கார்வேட்டிநகரத்தில் எங்கள் வீடு தெருவுக்கு ஒரு பக்கம். நான் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் அறை எதிர்ப்பக்கம், ஒரு மளிகைக் கடையின் மாடியில். நடுவே அறுபது அடி இருக்கும். அந்த அறுபது அடியை என் மனைவியின் குரல் இருபது வருடங்களாகத் தினம் மூன்று வேளை தாண்டிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க! துன்ன வரீங்களா இல்லியா?"

போனில் கூப்பிடலாமே என்று கேட்பீர்கள். வேலை நேரத்தில் போனின் வாயை அடைத்துவைக்கிறவன் நான். மேலும், தொண்டை இருக்கும்போது போன் எதற்கு என்பது அவள் கட்சி. நான் மாடியிலிருந்து "தோ வரேன்" என்று பதிலுக்குக் கத்துவேன். கத்திவிட்டு அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். இரண்டாம் முறை குரல் வரும்போது அதில் என் வம்சமே இழுபடும். மூன்றாம் முறை கீழே இருக்கும் மளிகைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்து, "போய்த் துன்னுட்டு வாண்ணா, எங்க காது பாவம்" என்பார். அப்போதுதான் இறங்குவேன். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாங்காய் சீசன் தொடங்கும்போது, ஜாக்கெட் கழுத்து இறுக்குகிறது, டைலர் கெடுத்துவிட்டான் என்று அவள் இரண்டு வாரம் புலம்பிக்கொண்டிருந்தாள். டைலர் பாவம். இறுக்கியது கழுத்துக்குள் இருந்த தைராய்டு கட்டி. சித்தூரில் ஸ்கேன் எடுத்தோம்; அங்கிருந்து திருப்பதிக்கு அனுப்பினார்கள். திருப்பதி டாக்டர் நிதானமான மனிதர். கட்டி சாதாரணக் கட்டிதான், ஆனால் பெரிதாகிவிட்டது, எடுத்துவிடுவது நல்லது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, குரலுக்குப் போகும் நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, பார்த்துத்தான் செய்வோம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்குக் குரல் மாறிப்போகும் என்றார்.

"போனா போகுது சார். மொதல்ல சந்தோசப்படறது இவருதான்" என்றாள் என் மனைவி. டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். புத்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலும்பு உடைந்தால் புத்தூரில் இறங்கிக் கட்டுப் போட்டுக்கொள்ளலாம். குரல் உடைந்தால் எங்கே இறங்குவது? பக்கத்தில் அவள் ஜன்னலோரம் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மாடி அறையில் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளை எல்லாம் இறக்கி வைத்தேன். இருபது வருட வேலை. அவள் குரல் அதில் எங்காவது இருக்காதா? அவள் வராத விசேஷம் உண்டா, வந்து பேசாமல் இருந்த விசேஷம் உண்டா? ஒவ்வொன்றாக ஓட்டினேன். எங்கள் மகளின் காதுகுத்தில் அவள் யாரையோ கைநீட்டி அதட்டுகிறாள். வாய் அசைகிறது, சினிமாப் பாட்டு கேட்கிறது. அவள் தம்பியின் கல்யாணத்தில் பந்தியில் நின்று விழுந்து விழுந்து சிரிக்கிறாள், நாதஸ்வரம் கேட்கிறது. எங்கள் கிரகப்பிரவேசத்தில் நேராகக் கேமராவைப் பார்த்து என்னிடம்தான் ஏதோ சொல்கிறாள். அங்கேயும் பாட்டுதான்.

செய்தவன் வேறு யாரும் இல்லை, நான்தான். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். கல்யாண வீட்டுச் சத்தத்தை யார் கேட்பார்கள்? மொத்தத்தையும் துடைத்துவிட்டு மேலே பாட்டைப் பரப்பிக் கொடுத்தால்தான் ஜனம் மெச்சும். கொடுத்த பிறகு கேமராவின் மெமரி கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குப் போவோம். ஊரார் வீட்டுக் குரல்களையெல்லாம் இப்படித் துடைத்தவன், என் வீட்டுக் குரலையும் அதே கையால் துடைத்திருக்கிறேன். கிரகப்பிரவேசத்தில் அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கும் இல்லை. மளிகைக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன்.

செல்போனில் பதிவு செய்து பார்த்தேன். குக்கர் விசில், மின்விசிறி, மாங்காய் லாரி, எல்லாவற்றுக்கும் பின்னால் யாரோ ஒரு பெண். கேமராவிலேயே இருக்கும் மைக் அதைவிட மோசம். என் விரல் கேமராவில் உரசும் சத்தம்தான் அதில் முதல் மரியாதை. ஆபரேஷனுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. ரத்தப் பரிசோதனைக்காகத் திருப்பதிக்குப் போன அன்று, அவளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் கேமரா சாமான் விற்கும் கடைக்குப் போனேன்.

நான் எதை வாங்க வேண்டும் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். கேமராவின் தலையில் மாட்டும் நீள மைக். காற்றுச் சத்தம் விழாமல் இருக்க, புசுபுசுவென்று முடிவைத்த உறை போட்டிருக்கும். கல்யாண மண்டபத்தில் அதை மாட்டிக்கொண்டு நுழைந்தால் மாப்பிள்ளைக்கே கொஞ்சம் பயம் வரும்.

"இது இன்னாது, பூன வாலாட்டம்?" என்றாள் அவள்.

கடைக்காரர் தெலுங்குக்காரர், நடு வயது. எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். "யார் பேசப் போறாங்க அண்ணா? எங்க பேசப் போறாங்க?" என்று கேட்டார். கல்யாண வேலைக்கு என்று நான் பொய் சொன்னேன். அவள் விடுவாளா?

"எனக்குத்தாங்க. தொண்டையில ஆப்பரேசன். கொரல் போயிட்டா என் திட்டு இல்லாம இவருக்குத் தூக்கம் வராதாம். புடிச்சு வெச்சிக்கிறாராம்."

கடைக்காரர் எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். கல்லாவுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, "கூச்சோண்டம்மா" என்று அவளை உட்காரச் சொன்னார். அன்று எங்களுக்காக அவர் செலவழித்த நேரத்தில் நாலு கேமரா விற்றிருக்கலாம். அந்த மனிதரின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போதும் திருப்பதி பக்கம் போனால் மனசுக்குள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

முதலில் என் ஆசைக்கு நீள மைக்கை மாட்டினார். ஹெட்போனை என் காதில் வைத்து, அவளைப் பேசச் சொன்னார். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஹலோ ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றாள். கோயில் திருவிழாவில் பிறந்து வளர்ந்தவள் வேறென்ன சொல்வாள்? இரண்டு முழம் தள்ளி இருந்தபோது குரல் நன்றாகத்தான் இருந்தது. பத்தடி தள்ளிப் போகச் சொன்னார். குரல் கிணற்றுக்குள் இறங்கியது. அதன் பின்னால் இருந்த தெரு, ஷேர் ஆட்டோ, திருமலை பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறவர் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள்.

"இது பாக்கற பக்கம் கேக்கும் அண்ணா. ஆனா தூரத்தைக் குறைக்காது. எந்த மைக்கும் குறைக்காது. நாமதான் மைக்கை வாய்கிட்ட கொண்டுபோகணும்" என்றார்.

அடுத்தது ஒயர் வைத்த காலர் மைக். சத்தம் சுத்தம். ஆனால் ஒயர் எட்டும் தூரத்துக்குள் அவளைக் கட்டிப்போட வேண்டும். "நான் என்னா ஆடா?" என்றாள். மூன்றாவதாக ஒயர் இல்லாத காலர் மைக். தீப்பெட்டி அளவு, ஒன்று பேசுகிறவர் மேல், ஒன்று கேமராவில். அதை அவள் முந்தானையில் மாட்டியதும் காதில் டக்டக்கென்று ஏதோ இடித்தது. கடைக்காரருக்குக் காரணம் தெரிந்திருக்கும், சொல்லக் கூச்சப்பட்டார். அவளே குனிந்து பார்த்து, தாலிச் சரட்டை ஜாக்கெட்டுக்குள் தள்ளிவிட்டு, மைக்கை எடுத்துத் தோளில் சேலை பின் குத்தும் இடத்தில் மாட்டிக்கொண்டாள். இடி நின்றது. அப்படியே எழுந்து கடைக்கு வெளியே போய், தெருவைத் தாண்டி, எதிர்ப்பக்கம் பூ விற்பவளிடம் ஏதோ விலை கேட்டாள். என் காதில் அவள் மூச்சுகூடக் கேட்டது.

அப்போதும் நான் நீள மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வைத்து ஊரில் பேர் வாங்கலாம் என்று ஓர் அற்பப் புத்தி. அவள் திரும்பி வந்து, "உங்களுக்குக் கொரல் வேணுமா, வால் வேணுமா?" என்று கேட்டாள். சின்னதை வாங்கினோம்.

கடைக்காரர் சொன்ன யோசனைப்படி எதிரொலி வராமல் இருக்க எங்கள் உள்ளறையில் பாய், போர்வை எல்லாம் தொங்கவிட்டேன். அவள் பட்டுச் சேலை கட்டி, பவுடர் போட்டு வந்து உட்கார்ந்தாள். கேமராவை ஓடவிட்டேன். "அனைவருக்கும் வணக்கம். நான் இங்கு எனது வாழ்க்கையைப் பற்றிக் கூற விரும்புகிறேன்" என்று ஆரம்பித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. செய்தி வாசிக்கிறவளை யார் கேட்டது?

"எப்பவும் பேசற மாதிரி பேசு."

"எப்பவும் பேசற மாதிரி பேசணும்னா நீங்க எதுனா தப்பு செஞ்சிருக்கணும்."

மூன்று நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் நான் எரிந்து விழுந்தேன். இருக்கிற நாலு நாளையும் விளையாட்டாக ஆக்குகிறாயே என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள். தோளில் மைக் இருப்பதை மறந்துவிட்டாள். நான் ஹெட்போனைக் கழற்றாமல் காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

காதில் தண்ணீர்க் குழாய் திறந்தது. வாசலில் கீரைக்காரி. "எந்தம்மா கட்ட? போன வாரம் பெருசா இருந்துச்சே, தக்குவ செய்யி" என்று பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேரம். பின்பு மிளகாய் நெடிக்கு ஒரு தும்மல். எதற்கோ ஒரு சிரிப்பு. கடுகு வெடித்தது. பிறகு மெல்லிய குரலில், யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

"கங்கம்மா தாயே, எனக்குப் பெருசா பேச வேணாம். இந்த மனுசன துன்னக் கூப்பிடற அளவுக்காச்சும் தொண்டைய வுட்டுட்டுப் போம்மா."

விளையாட்டாக எடுத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேனே, அவள் இத்தனை நாளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். எழுந்து ஓடிப்போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதற்குள், நான் எதிர் மாடிக்குப் போய்விட்டேன் என்று எண்ணி, அவள் வாசலில் நின்று முழுத் தொண்டையில் கூப்பிட்டாள். "இன்னாங்க! துன்ன வரீங்களா இல்லியா?" என் காது கிழிந்தது. அந்த இடத்தில் பதிவும் கிழிந்திருக்கிறது. சத்தத்தின் அளவைக் குறைத்து வைக்க மறந்துவிட்டேன். தொழில்காரன் வெட்டி எறிய வேண்டிய துண்டு அது. நாலு இடத்தில் நகல் எடுத்து வைத்தேன். பாட்டு போடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டருக்கும், இரண்டு நாளும் அவளுக்கு நெற்றி துடைத்துவிட்ட நர்ஸுக்கும் நான் கடமைப்பட்டவன். குரலுக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரம் அவள் சைகையால் ஆட்சி செய்தாள். ஒரு மத்தியானம் மாடியில் வேலையாக இருந்தேன். தெருவிலிருந்து, "இன்னாங்க! துன்ன வரீங்களா இல்லியா?" என்று கேட்டது. பதறி எழுந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், வீட்டு வாசலில் அவள் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள், கையில் என் புளூடூத் ஸ்பீக்கர். மளிகைக்காரர் கை தட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பிறகு குரல் வந்தது. தணிந்த குரல், கொஞ்சம் கரகரப்பு. இன்னும் தேறலாம், அவசரப்படுத்தாதீர்கள் என்றார் டாக்டர். மாதங்கள் போய்விட்டன. பேசுகிறாள், பேரம் பேசுகிறாள், போனில் மகளோடு மணிக்கணக்கில் வம்பளக்கிறாள். கத்த மட்டும் முடியவில்லை. சமையலறையில் பேசினால் வாசல்வரை வரும். தெருவைத் தாண்டாது.

போனை இப்போது திறந்து வைத்திருக்கிறேன். ஆனால் அவளுக்குப் போன் பிடிக்கவில்லை. எண்ணைத் தட்டிக் கூப்பிட நான் என்ன மளிகைச் சாமானா ஆர்டர் பண்ணுகிறேன் என்கிறாள். ஒருநாள் அவளே அந்தச் சின்ன மைக்கை எடுத்துத் தோளில் குத்திக்கொண்டு, கேமராவில் மாட்டுகிற இன்னொன்றை என் கையில் வைத்தாள். அன்றிலிருந்து மாடியில் அது என் மேசைமேல் இருக்கிறது, ஒரு காதில் இயர்போன். உச்சிவேளை ஆனதும் அவள் அடுப்படியில் நின்றபடியே, கத்தாமல், சொல்கிறாள்.

"இன்னாங்க, துன்ன வரீங்களா?"

இருபது வருடம் அறுபது அடி தள்ளிக் கேட்ட குரல் இப்போது காதுக்குள் கேட்கிறது. கங்கம்மா அவள் கேட்ட அளவுக்குச் சரியாகக் கொடுத்துவிட்டாள். இந்த மைக் ஒரு பக்கம்தான் பேசும். அவள் சொல்வது எனக்குக் கேட்கும்; நான் "தோ வரேன்" என்று சொன்னால் அவளுக்குக் கேட்காது. எனவே எழுந்து போகிறேன்.