அருளப்பன் ஒட்டிய கல்

சகாயராணி இறந்து நாற்பது நாள் ஆகிறது. திண்டுக்கல்லில் அவர் டைல்ஸ் ஒட்டிய குளியலறைகள் நூற்றுக்கு மேல் இருக்கும். முதலாவது பேகம்பூருக்குப் பக்கத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை செபாஸ்தியம்மாளின் வீட்டில் இருக்கிறது. ஐந்தடிக்கு நான்கடி. இருபது கற்கள்.

அதற்கு முன் பத்தொன்பது வருடம் அவர் சித்தாள். டைல்ஸ் மேஸ்திரி அருளப்பனுக்குக் கலவை குழைத்துக் கொடுத்தார். குழைத்தபடியே வேலை முழுவதையும் பார்த்து வைத்துக்கொண்டார். "எனக்கு நீயே ஒட்டிக் குடு ராணி" என்று டீச்சர் சொன்னதும் அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஒரே ஒரு சங்கடம்தான். கொடைரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆறு மாத வேலை அருளப்பன் கையில் இருந்தது. அதில் அவரைச் சேர்ப்பதும் கழற்றிவிடுவதும் மேஸ்திரியின் இஷ்டம். வீட்டிலோ டிப்ளமோ படிக்கும் பிள்ளை.

டீச்சர் தெருவில் குழாய்த் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு குளியலறையிலும் இருநூறு லிட்டர் நீல டிரம் ஒன்று நிற்கும்.

"டிரம்ம எங்க வைப்பீங்க டீச்சர்?" இதுதான் சகாயராணியின் முதல் கேள்வி.

"கதவுக்கு வலப்பக்க மூலையில."

அந்த மூலையை மட்டும் சமமாக விட்டார். மற்ற இடமெல்லாம் தண்ணீர் வெளியேறும் துளையை நோக்கி ஐந்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். நூல் கட்டினார். கல்லின் அடி முழுக்கக் கலவை படும்படி பரப்பி, ஒவ்வொன்றாக அழுத்தி உட்கார வைத்தார். சாயங்காலத்துக்குள் பத்தொன்பது கற்கள் முடிந்தன. மூலையில் ஒன்று பாக்கி.

அப்போது அருளப்பன் வந்தார். வேலை நடக்கும் இடத்துக்கு மூத்த மேஸ்திரி வந்தால் ஒரு கல்லை அவர் கையில் கொடுப்பது மரியாதை. சகாயராணியும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அவருக்கு டீ வாங்கக் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது கல் உட்கார்ந்திருந்தது.

"ராசியான கை, ஆத்தா. இனி உனக்கு வேலை தேடி வரும் பாரு" என்றார் மேஸ்திரி.

இரண்டு நாள் காயவிட்டு, மூன்றாம் நாள் காலையில் இடுக்குகளை வெள்ளை சிமெண்டால் அடைக்க வந்தார் சகாயராணி. அதற்கு முன் ஒரு ரூபாய்க் காசால் கல் கல்லாகத் தட்டிப் பார்த்தார். பத்தொன்பதும் கெட்டியாகச் சத்தம் கொடுத்தன. மூலைக்கல் மட்டும் காலிப் பானையைப் போல ஒலித்தது.

அருளப்பன் கதவருகில்தான் நின்றார். கொடைரோட்டுக்கு என்றைக்குக் கிளம்புவது என்று சொல்ல வந்திருந்தார். டீச்சர் காலி டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார்.

"டிரம்ம உள்ள கொண்டாராதீங்க டீச்சர். இந்தக் கல்ல எடுக்கணும்."

"அது யாரு ஒட்டுன கல்லுன்னு தெரியும்ல?" என்றார் மேஸ்திரி.

"தெரியும்ணே. அதான் மூணு தடவ தட்டிப் பாத்தேன்."

"ஒத்தக் கல்லு. என்ன வந்துரப் போகுது?"

"இருநூறு கிலோ வரப்போகுதுண்ணே."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை.

மாற்றி ஒட்ட மிச்சம் இருந்தது ஒரே ஒரு கல். பக்கத்துக் கற்கள் அதிராதபடி சகாயராணி நடுவில் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தார். கல் நான்காகப் பிளந்தது. அடியில் மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று என ஐந்து உருண்டைக் கலவை, இடையெல்லாம் வெற்றிடம். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

சகாயராணி பழைய கலவையைக் கொத்தி வாரினார். தரையை நனைத்து, சிமெண்ட் பால் ஊற்றி, புதுக் கலவையை மூலை வரை இழுத்துவிட்டார்.

"ஊருக்கே காமிச்சுட்டேல்ல," என்றார் அருளப்பன். "கொடைரோட்டுக்கு நீ வர வேணாம். வேற ஆள் பாத்துக்கிறேன்."

ஆறு மாதம். சகாயராணி மிச்சமிருந்த கல்லைக் கையில் எடுத்தார். கலவை இறுகத் தொடங்கியிருந்தது.

"சரிண்ணே. செத்த தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

மேஸ்திரி தள்ளி நின்றார்.