ஒழுகும் சாக்கு

வேல்விழிக்குத் தையல் மெஷின் ஓடும்போதே கனவு வரும். மத்தியான வெயிலில், திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருக்கும் அந்தப் பனியன் கம்பெனிக்குள் கடல் மெல்ல நுழையும். பனியன் கட்டுகள் மிதக்கும். கட்டிங் டேபிளைப் பிடித்துக்கொண்டு அவள் புருஷன் முனீஸ் சிரிப்பான். பிறகு அவன் காலடி மணல் இளகி, கொஞ்சம் கொஞ்சமாகக் குள்ளமாவான்.

பாதிதான் கனவு; மீதி நடந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு படகுத்துறையில் அவனுக்கு வேலை. போன மழைக்காலத்தில் அலை விடாமல் குலுக்கியதில் தூணைச் சுற்றியிருந்த மணல் கூழாகிவிட்டது. தூண் சாய, முனீஸ் இடுப்புவரை புதைந்தான். கூட நின்ற ராமர் கயிறு வீசி இழுத்திருக்காவிட்டால் அவ்வளவுதான்.

அதே துறைக்குத்தான் இப்போது மணல் சாக்கு தைக்கும் ஆர்டர் வந்திருந்தது. தூணைச் சுற்றி அடுக்கப்போகிறவன் முனீஸ். வேல்விழி அதற்கென்று வந்த கெட்டித் துணியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். பொடிப்பொடியாய் வெளிச்சம். திருப்பூரில் துணியில் ஓட்டை கண்டால் பிறகு யாருக்காவது சோறு இறங்குமா? யாரிடமும் சொல்லாமல், பனியன் பேக்கிங் பாலித்தீனை உள்ளே கொடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் போகாது. அவளுக்கு அப்படியொரு நிம்மதி.

முதலாளி அர்த்தநாரி குவியலிலிருந்து ஒரு சாக்கை உருவி, மணலும் தண்ணீரும் நிரப்பி, மேலே ஒரு செங்கல்லை வைத்து ஆட்களை விட்டுக் குலுக்கச் சொன்னார். சாக்கு சொட்டவேயில்லை. மணல் தளதளவென்று கொழகொழத்தது. செங்கல் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

வேல்விழி செங்கல் போன இடத்தையே பார்த்தாள். கனவில் முனீஸ் இறங்கியது இப்படித்தானே!

"நான்தாங்க பாலித்தீன் வச்சேன்" என்றாள். "மணல் கரைஞ்சு போயிரக் கூடாதேன்னு..."

"தண்ணி உள்ளயே நின்னா மண்ணு கூழாயிரும். அது வெளிய போகோணும் அம்மணி. மண்ணு உள்ள நிக்கோணும். ரெண்டுக்கும் சேர்த்துத்தானுங்க அந்த ஓட்டை" என்றார் அவர், கோபமில்லாமல்.

ஒருவரையும் தொடவிடவில்லை அவள். அத்தனை சாக்கையும் தானே பிரித்துப் பாலித்தீனை உருவினாள், அழுதுகொண்டே.

சாக்குகள் போய்ச் சேர்ந்து, அடுத்த மழைக்காலமும் வந்தது. கடல் கொந்தளிக்கிறது என்று கேட்டதுமே போன் போட்டாள்.

"என்னங்க, சாக்கு ஒழுகுதா?"

"ஒழுகத்தான் செய்யுது புள்ள. ஏன்?"

"மணலு?"

"கல்லு கணக்கா நிக்கி. மேல ஏறி நின்னுதான் பேசுதேன்."

"நல்லா ஒழுகட்டும்" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்று மத்தியானமும் கம்பெனிக்குள் கடல் வந்தது. வந்த வழியே வடிந்தும் போனது. முனீஸ் அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தான்.