சரிவில் நிற்கும் டிராக்டர்

யேசுரத்தினத்தின் டிராக்டர் சமதரையில் நின்று யாரும் பார்த்ததில்லை. ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்துக்கு மேலுள்ள சரிவில், மூக்கு பள்ளத்தைப் பார்க்க நிறுத்திச் சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்திருப்பார். செல்ப் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது. காலையில் கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். கிளச்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். பற்றரி வாங்க மனம் வராத மனுசன், எண்ணெய்க்கு மட்டும் கை தாராளம். தான் தேத்தண்ணி குடிக்குமுன் என்ஜின் எண்ணெயை அளக்கும் கம்பியை உருவிப் பார்த்து, குறைந்ததை ஊற்றிவிடுவார்.

தோட்டம் ஏலத்தில் கழித்துவிட்ட வண்டி அது. விறகும் மாட்டெருவும் ஏற்றிப் பிழைப்பு நடந்தது. ஆனால் அவருடைய பெருமை வேறு. ஆண்டுதோறும் திருவிழாவில் அந்தோனியார் சொரூபம் ஏறும் டிரெயிலர் பெட்டியை இழுப்பது அவர்தான். அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்.

போன வருடம் என்ஜின் எண்ணெய் ரோட்டில் ஒழுகி, பின்னால் வெறுங்காலோடு வந்த அவர் மனைவி நேசராணியே வழுக்கி விழுந்தாள். இந்த வருடம் கோயில் பாதர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். திருவிழாவுக்கு முந்தின வாரம் வண்டி ஓர் இரவு கோயில் முற்றத்தில் நிற்க வேண்டும். கீழே விரித்த பேப்பரில் எண்ணெய் விழுந்தால் சொரூபத்துக்கு லொறி பிடிப்பார்கள்.

பெரகலச் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் ஹுமைத், யேசுரத்தினத்துக்கு வெகுகாலப் பழக்கம். என்ஜினைப் பிரித்து, ஒழுக்கை அடைக்கும் புது சீல் போட்டு, அளவாக எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார். சில நாளில் மறுபடி ஒழுகியது. இரண்டாவது சீலும் அப்படியே. யேசுரத்தினம் கராஜுக்கு முன்னால் போய், பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் கேட்கக் கத்தினார்.

“பழைய சீலத் தொடச்சுப் போட்டு ஏமாத்துறியா? கள்ளன்!”

ஹுமைத் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சோதனைக்கு வண்டி கோயில் முற்றத்தில் நின்றது. திருவிழாவுக்காக மண் வெட்டிச் சமப்படுத்திய முற்றம். விடிந்து பார்த்தால் பேப்பர் கறுத்துக் கிடந்தது. யேசுரத்தினம் பழக்கதோஷத்தில் கம்பியை உருவினார். எண்ணெய் மேல் அளவுக்கோட்டையும் தாண்டி இரண்டு விரல் ஏறி நின்றது.

அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சரிவில் எண்ணெய் முன்பக்கம் ஓடிவிடும். பின்பக்கமுள்ள கம்பி குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி அவர் தினமும் ஊற்றியிருக்கிறார். கொள்ளாத எண்ணெயை எந்த சீல் தாங்கும்?

“நாந்தான் ஊத்தி ஊத்திக் கெடுத்துருக்கேன்,” என்றார் நேசராணியிடம்.

“அப்ப நான் விழுந்ததும் உங்களாலதானா?”

அதிகப்படியை வடித்தார். பாதர் இரக்கப்பட்டு இன்னோர் இரவு தந்தார். மறுநாள் பேப்பர் சுத்தமாக இருந்தது. யேசுரத்தினம் சிலுவை போட்டுக்கொண்டார். நேசராணி விடவில்லை.

“ஹுமைத் அண்ணன்கிட்ட யாரு சொல்றது?”

“போன்ல சொல்லிர்றேன்.”

“போன்லயா ஏசுனீங்க?”

டிராக்டரிலேயே போனார். கராஜ் வாசல் சமதரை. அங்கே என்ஜினை நிறுத்தினால் நாலு பேர் தள்ளாமல் கிளம்பாது. அதனால் ஏசிய அன்றுகூட அவர் அதை ஓடவிட்டபடிதான் ஏசினார். இன்று நிறுத்தினார். சத்தம் அடங்கியதும் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஹுமைத், ஒன் சீல்ல குத்தமில்ல. சரிவுல வச்சு அளவு பாத்து, நானே அதிகமா ஊத்திருக்கேன். ஒன்னயப் போயி கள்ளன்னு சொன்னேன். மன்னிச்சிரு.”

ஹுமைத் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். குனிந்து என்ஜினின் அடியைப் பார்த்தார். காய்ந்திருந்தது.

“என்ஜின நிப்பாட்டிட்டீங்களே. இனி எப்படிப் போவீங்க?”

ஹுமைத் பஸ்ஸுக்கு நின்றவர்களில் மூன்று பேரைக் கைகாட்டிக் கூப்பிட்டார். பிறகு வண்டிக்குப் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார்.

“ஏறுங்கண்ணே. கியரப் போடுங்க.”