பொளி என்றாள், பொளித்தேன்

நேற்று மலையாளத்துச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் கூட்டாளியின் புது பைக்கைப் பார்த்து "பொளி!" என்று கத்தினான். என் கை தானாக இரும்பறுக்கும் கிரைண்டரைத் தேடியது. பட்டறையே போனவனுக்கு கிரைண்டர் எங்கே?

அப்போது எனக்கு வெல்டிங் பட்டறை. டிசைன் படிக்கிற பிள்ளைகள் படம் போட்டுக்கொண்டு வருவார்கள். தீசிஸாம். மூணாங்கிளாஸைத் தாண்டாத நான், அது ஏதோ வயிற்றுக்கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்கள் யோசனையெல்லாம் முதன்முதலாக நிற்பதும் விழுவதும் என் பட்டறையில்தான். பெரும்பாலும் விழும்.

அப்படி வந்தவள்தான் செல்வி, பீர்மேட்டுத் தேயிலை எஸ்டேட் பெண். கூலிக்காரர்களின் லயத்து வரிசை வீட்டிலிருந்து ஜீப் நிற்கிற ரோடு வரை செங்குத்துப் படி. முட்டி போன அம்மாவைக் கம்பளியில் கட்டித்தான் தூக்கி வருவார்களாம். அதற்குப் பதிலாக, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தூக்குகிற நாற்காலி. கல்லூரியில் அவள் தீசிஸை ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள். இந்த முறை குறித்த நாள் மதியத்துக்குள் மாதிரியைக் காட்டாவிட்டால் படிப்பு அவ்வளவுதான்.

முந்தின ராத்திரி நாற்காலியை முடித்து போட்டோ அனுப்பினேன். போனில் அவள் குரல் துள்ளியது: "பொளிண்ணே! பொளி!"

எனக்குத் தெரிந்த மலையாளத்தில் பொளி என்றால் பிரி, உடை. பஸ்ஸில் ஏற்றப் பிரிக்கச் சொல்கிறாளாக்கும் என்று, சொன்ன பேச்சு கேட்கிற நல்லபிள்ளையாகத் துண்டுதுண்டாக அறுத்துவைத்தேன்.

காலையில் வந்தவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"நீதானே கண்ணு பொளின்னே?"

"சூப்பர்னு சொன்னேண்ணே! காலேஜ்ல அப்பிடித்தான சொல்லுவோம்!"

"அந்த சூப்பரைத் தமிழ்ல சொல்லித் தொலைக்கறதுக்கென்ன அம்மணி?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். "எங்கம்மாகிட்ட என்னண்ணே சொல்ல?" என்றாள்.

அவள் பிடிக்க, நான் பற்றவைத்தேன். நடுவில் கரண்டு வேறு போய்ப்போய் வந்தது. ஒருவழியாக ஒட்டியது, என்னைப் போலவே கோணலாக. கல்லூரியில் ஒருவரை உட்காரவைத்துத் தூக்கினார்களாம். சாய்ந்ததாம். அத்தோடு படிப்பு முடிந்தது. அப்புறம் நேராக்கித்தான் கொடுத்தேன், யாருக்கும் பரீட்சை இல்லாத ஒரு நாளில். நாற்காலியோடு மலையேறிப் போனாள்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. பிள்ளைகள் மாதிரியை மெஷினிலேயே அச்சடித்துக்கொள்கிறார்களாம். அதற்கு அரைகுறை மலையாளம் தெரியாது. பிழைத்தார்கள்.

நேற்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே செல்விக்குப் போன் போட்டேன். "நாற்காலி எப்படி கண்ணு இருக்குது?"

"பொளியா இருக்குண்ணே," என்றாள். நான் சிரித்தேன்.

"லயத்துல எல்லாரும் மலையெறங்கிப் போயிட்டாங்கண்ணே. முன்னாடி நான் தூக்கிருவேன். பின்னாடி தூக்கத்தான் ஆளில்ல."