இரத்தம் வந்தால்தான் விசில்

எங்கள் குடும்பத்தில் காணிச் சண்டை வந்ததில்லை. அரசியல் சண்டையும் வந்ததில்லை. வந்த சண்டையெல்லாம் அமெரிக்காவில் கூடைப்பந்து விளையாடுகிற, எங்களை யாரென்றே தெரியாத சில நெட்டை மனிதர்களுக்காக வந்தது. ஒரு பக்கம் என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பாடசாலை அணியில் விளையாடுகிறவர். மறுபக்கம் உம்மாவின் மூத்த சகோதரரான மாமா. மாவடிப்பள்ளியில் அரிசி மில் வைத்திருந்தவர், வாலிபத்தில் தானும் பந்து பிடித்தவர். காக்கா போனில் இந்தக் காலத்து ஆட்டங்களைப் பார்ப்பார். மாமா எப்போதோ வீடியோ கெசட்டில் பார்த்த பழைய ஆட்டங்களை இன்னும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது உள்ளவர்களை அந்தக் காலத்துக்கு அனுப்பினால் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள் என்பது மாமாவின் கட்சி. அப்போதெல்லாம் வளையத்துக்குக் கீழே போகிறவன் விலா எலும்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் போக வேண்டுமாம். முழங்கையால் குத்துவார்கள், தோளால் இடிப்பார்கள், விழுந்தவனைத் தாண்டிப் போவார்கள். இப்போது தொட்டால் விசில், தும்மினால் விசில். காக்கா விடுவாரா? கிட்ட வந்தால்தானே இடிப்பதற்கு என்பார். இந்தக் காலத்து ஆட்கள் அந்தத் தூரத்தில் நின்று எறிந்துவிட்டுத் திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகுதான் பந்து வளையத்துக்குள் விழும், பழைய ஆட்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்திருக்க வேண்டியதுதான். எட்டு வயதுக்காரியான நான் காக்காவின் கட்சி. தன் முட்டைப் பொரியலில் பாதி எனக்குத் தருகிறவர் அவர்தானே.

அந்த நோன்பில் இந்த வாய்ச்சண்டைக்கு ஒரு வேலை வந்தது. கொழும்பில் ஒரு பெரிய அணி காக்காவைப் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தது. உம்மா ஒரே பிடியாக மறுத்துவிட்டார். கொழும்புப் பொடியன்மார் எருமை மாதிரி இருப்பார்கள், இவன் முருங்கைக் கொப்பு, ஒரு இடியில் முறிந்துபோவான் என்று அழுதார். கட்டாரில் இருந்த வாப்பா முடிவை மாமாவின் தலையில் கட்டிவிட்டு போனை வைத்தார். மாமா கொஞ்சம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். பெருநாள் பின்னேரம் மில்லில் ஒரு ஆட்டம், கலியாணம் முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும். சட்டம் மட்டும் பழைய காலத்துச் சட்டம்.

“ரத்தம் வந்தா விசில், வராட்டி ஆட்டம்,” என்றார். “கடைசி வரைக்கும் நிண்டானெண்டா கொழும்புக்குப் போகட்டும்.”

அன்று நோன்பு திறந்த பிறகு காக்கா கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

நெல் காயப்போடும் சீமெந்துத் தளம்தான் மைதானம். வளையத்தை மாமா மில் சுவரிலேயே பூட்டியிருந்தார். மில் லொறி டிரைவரின் கையில் விசில். நான் நெல் மூடைகளுக்கு மேலே ஏறிக்கொண்டேன். உம்மா மில்லை ஒட்டிய மாமா வீட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால், நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமா தனக்கும் காக்காவுக்கும் ஒரே துணியில் வெள்ளைச் சேட்டு தைப்பித்திருந்தார். அந்தப் பெருநாள் சேட்டோடு, சாறனையும் மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இறங்கியபோது எல்லோரும் சிரித்தார்கள்.

முதலில் காக்கா சொன்னதுதான் பலித்தது. தூரத்தில் நின்று எறிந்தார். பந்து வளையத்தில் படாமலே இறங்கியது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பிறகு மாமா அவர் பக்கத்தில் வந்து நின்றார், அவ்வளவுதான். மூடை தூக்கிப் பழகிய அந்த உடம்பு காக்கா எங்கே திரும்பினாலும் முன்னால் நின்றது. வேறு வழியில்லாமல் காக்கா உள்ளே புகுந்து எழும்பினார். மாமா தோளைக் கொடுத்தார். இரண்டு பேரும் தளம் அதிர விழுந்தார்கள்.

திரும்பவும் விழுத்தினார். அதன் பிறகும் விழுத்தினார். ஒவ்வொரு தடவையும் காக்காவின் இடுப்பை ஒரு கையால் வளைத்துப் பிடித்தபடியே சரிவார். மாமா கீழே, காக்கா மேலே. அந்தத் தொந்தியோடு போய் இடித்தால் தானும் விழாமல் என்ன செய்வது என்று நினைத்தேன். அவர் முழங்கையில் தோல் உரிந்து இரத்தம் வந்தபோது, நல்லா வேணும் என்று இருந்தது. டிரைவர் விசிலை வாயில் வைத்தார்.

“என்ட ரத்தம் கணக்கில்ல,” என்றார் மாமா. “ஆடுங்க.”

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியது. காக்காவிடம் பந்து வந்தது. தூரத்தில் நின்று எறிய இடமிருந்தும் எறியவில்லை. நேரே மாமாவை நோக்கி ஓடி எழும்பினார். மாமாவும் எழும்பினார். தோள் நெஞ்சில் முட்டியது. முட்டிய பிறகும் காக்கா மேலேதான் இருந்தார். அல்லாஹ்வே, எவ்வளவு நேரம் இருந்தார்! வலது கையிலிருந்த பந்து இடது கைக்கு மாறியதை என் கண்ணால் கண்டேன். அதை வளையத்துக்குள் போட்ட பிறகுதான் விழுந்தார், மாமாவுக்கு மேலே.

மாமா மல்லாந்து கிடந்தபடியே வானத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“காத்துல நிண்டு யோசிக்கிறான்டா இவன். எங்கட காலத்துல ஒருத்தனுக்கும் இது வரல்ல.” பிறகு குசினிப் பக்கம் முகத்தைத் திருப்பினார். “தங்கச்சி, அனுப்பு. இவன் முருங்கை இல்ல.”

உம்மா இரண்டு பேரின் சேட்டையும் வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். காக்காவின் சேட்டை விரித்துப் பார்த்தார். வியர்வைதான், முதுகில் ஒரு கீறல் இல்லை. மாமாவின் சேட்டு முதுகுப்புறம் முழுக்கக் கிழிந்து இரத்தமாக இருந்தது. உம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அல்லாஹ் நீதவான், அடித்தவருக்கே அடி விழுந்திருக்கிறது என்று நான் விளக்கம் சொன்னேன். உம்மா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். பிறகு குசினிக்குப் போய், பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தில் முந்திரிக் கஜு கூடிய நடுத்துண்டை வெட்டிப் பீங்கானில் வைத்து, மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடு என்றார். காக்காவுக்கு இல்லையா என்று கேட்டேன். அவனுக்குப் பிறகு என்றார்.

என் காக்காவைப் பின்னேரம் முழுக்க விழுத்தினவருக்கு நடுத்துண்டா? போகிற வழியில் கோபத்தோடு ஒரு கஜுவைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டேன். மாமா மில் விறாந்தையில் சேட்டில்லாமல் பாயில் குப்புறப் படுத்திருந்தார். பெருநாளும் அதுவுமாக ஏன் இப்படிப் படுத்திருக்கிறீங்க என்று கேட்டேன்.

“சும்மா மகள், முதுகுக்குக் காத்து வாங்குறன்,” என்றார்.

நானும் நம்பிவிட்டேன்.