உடம்பில் ஒட்டாதது

எங்கள் மருந்துக்கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மாஸ்டர் வாய் ஓயாதவர். கூட்டம் சேர்ந்தால், "பொறுங்கப்பா, எனக்கு கை ரெண்டுதான், வாய்தான் நாலு" என்பார். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவர் மனைவி உண்டானதும் அந்த நாலு வாயும் அவளைப் பற்றியே பேசின.

அவளுக்கு ரத்தம் குறைவு. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிய சீட்டை மாஸ்டர் என்னிடம்தான் நீட்டினார். உறையில் 'மதியம் 1, சாப்பாட்டுக்குப் பின்' என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்த மகா புத்திசாலி நான்.

அன்றிலிருந்து கீரைக்காரிக்கு நல்ல வியாபாரம். தினமும் மதியம் மாஸ்டர் அரை மணி நேரம் கடையை மூடுவார். ஃபிளாஸ்க் நிறையக் கடுந்தேநீர் ஊற்றிக்கொண்டு, வெயிலில் மூன்று தெரு தாண்டி வீட்டுக்கு ஓடுவார். கீரையும் பயறும் சாப்பிட்டு முடித்தவளுக்கு அவரே டீயை ஊற்றிக் கொடுப்பார்.

"வெறும் தண்ணியில முழுங்கினா குமட்டுமே சார். என் டீயில ஒரே மடக்கு, மாத்திரை உள்ளே!"

நான் சிரித்தேன். டீயின் துவர்ப்பு, கீரையின் சத்தையும் மாத்திரையின் சத்தையும் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேரவிடாது என்று பரீட்சைக்கு உருப்போட்டவன்தான் நான். ஆனால் கையில் அவர் கொடுத்த கிளாஸோடு நின்றபோது அது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

ஏழாம் மாதப் பரிசோதனையிலும் ரத்தம் ஏறவில்லை.

"என்ன குடுத்தாலும் அவ உடம்புல ஒட்ட மாட்டேங்குது சார்" என்றார். தெம்பு வரட்டும் என்று டீத்தூளை இன்னும் ஒரு கரண்டி கூட்டிப் போட்டார்.

பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெண் குழந்தை பிழைத்தது. அவள் போய்விட்டாள்.

நாலாம் நாள் மாஸ்டர் எங்கள் கடைக்கு வந்தார். சவரம் செய்யாத முகம்.

"நர்ஸம்மா மாத்திரை ஒழுங்கா போட்டாங்களான்னு கேட்டாங்க. ஒரு நாள் தவறலம்மா, நானே டீ ஊத்திக் குடுத்தேன்னேன். 'டீயிலயா?'ன்னு கேட்டுட்டு அப்படியே வாயை மூடிக்கிட்டாங்க. ஏன் சார் அப்படிக் கேட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. சாப்பிடுவதெல்லாம் உடம்பில் சேர்ந்துவிடாது, குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போனால்தான் சேர்ந்த கணக்கு, எலுமிச்சை பிழிந்தால் அது சுலபமாகும், கூடவே டீ குடித்தால் தடைபடும் என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன்.

"டீ மட்டுமே காரணம்னு யாராலும் சொல்ல முடியாது மாஸ்டர். இந்த மாதிரி ரத்தப்போக்கு நல்லா இருக்கறவங்களுக்கும் வரும். ஆனா நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். "எத்தனை நாள் குடுத்தேன்..." என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு மாதம் கழித்துக் கடை திறந்தார். டீ போட்டார், பேச்சு இல்லை. தான் குடிப்பதையும் விட்டுவிட்டார்.

ஒரு நாள் காலையில் அவர் மச்சினி குழந்தைக்கு மருந்து வாங்க வந்தாள். மாஸ்டர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே எங்கள் படிக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். எதையாவது பிடித்துக்கொள்ள நினைத்தாரோ என்னவோ, அவளிடம் கேட்டார்.

"உங்கக்காவுக்கு என் டீன்னா உயிரு, இல்ல?"

அந்தப் பெண்ணுக்குப் பூசி மெழுகத் தெரியவில்லை.

"அவளுக்கு டீயே பிடிக்காது மாமா. கல்யாணத்துக்கு முன்னாடி வாயில வச்சதே இல்ல. இந்த வெயில்ல தூக்கிட்டு வர்றாரு, வேண்டாம்னா முகம் வாடிடும்னு சொல்லிக் குடிப்பா."

நான் மருந்து பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதிரே டீக்கடையில் யாரோ "மாஸ்டர், ரெண்டு டீ" என்று கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. படியிலேயே உட்கார்ந்து, குழந்தையின் காதருகே குனிந்தார்.

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடணும் கண்ணு. அப்பா கோவிச்சுக்க மாட்டேன்."